பட்டை இல்லாத பன்னிரண்டு ஜோடி

ஷூ வாங்குகிறவர்கள் மேல்தோலைத் தடவிப் பார்ப்பார்கள், தையலைப் பார்ப்பார்கள், சிலர் மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்ப்பார்கள். நடுப்பாதத்துக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை உள்ளே கிடப்பது ஒருவருக்கும் தெரியாது. ஷாங்க் என்று சொல்வோம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாக அதை வைப்பதுதான் என் வேலை.

மரக்கட்டை மாதிரி ஒரு அச்சில் மேல்தோலை இழுத்து ஒட்டி, ஷூவைத் தலைகீழாக ட்ராலியில் அடுக்கி அனுப்புவார்கள். ஒரு ட்ராலிக்குப் பன்னிரண்டு ஜோடி. அடிப்பக்கம் குழிந்திருக்கும் இடத்தில் பசை தொட்டு, பட்டையை வைத்து, கட்டைவிரலால் ஒரு அமுக்கு. அடுத்து நிற்பவள் அந்தக் குழியில் நுரை அட்டை ஒட்டி மூடிவிடுவாள். அதற்கும் அடுத்த இடத்தில் சோல் வந்து உட்கார்ந்துவிடும். அதோடு சரி, நான் செய்ததை யாரும் பார்க்கப் போவதில்லை. பட்டை இல்லாவிட்டாலும் ஷூ அப்படியேதான் மினுக்கும். இரண்டு மூன்று வாரம் நடந்த பிறகுதான் நடுவில் தொய்ந்து, குதிகால் பின்னால் சாய்ந்து, போட்டவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

எனக்கு முழங்கால் வலி எந்த ஷூவும் போடாமலேயே வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வளைவு இறங்கிவிட்டது என்றார். நின்று நின்று தட்டையாகிவிட்டதாம். ஊர் பேர் தெரியாத ஆட்களின் காலடிக்கெல்லாம் முட்டு கொடுக்கிற எனக்கு முட்டு இல்லை. சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. அதே சீட்டில் சர்க்கரை வேறு ஜாஸ்தி என்று எழுதிக் கொடுத்தார்.

சர்க்கரை என்றால் மணிக்கொரு தரம் பாத்ரூம் போக வேண்டும். எங்கள் லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு போனால் ஐந்து நிமிடத்தில் திரும்ப மாட்டிவிட வேண்டும். அதுவரை ட்ராலி நிற்குமா? நிற்காது. சுவரில் பெரிய அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். லைன் கட்டமைப்பு என்று தலைப்பு. கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறி இழுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எங்கள் போட்டோ. எங்களில் ஒருத்தி ஒண்ணுக்குப் போனால் அந்தக் கட்டத்தில் யார் நிற்பது என்று அதில் எழுதவில்லை.

நின்றது பக்கத்துக்காரிதான். நுரை அட்டை ஒட்டுகிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆலங்காயம் ரோட்டில் எனக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி பஸ் ஏறுவாள். நான் டோக்கனைக் கையில் எடுக்கும்போதே, "நீ போக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பாள். என் இடத்துப் பட்டையையும் வைத்து, தன் இடத்து அட்டையையும் ஒட்டித் தள்ளுவாள். ஒரு நாளைக்கு ஆறு தரம், ஏழு தரம். அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் வேறு ஒருத்தி இருந்திருந்தால் சர்க்கரை வந்த முதல் மாதமே நான் வேலையை விட்டிருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம், ஷிப்ட் முடிகிற நேரத்தில், என் டப்பாவில் இருபத்துநான்கு பட்டை மிச்சம் இருந்தது. காலையில் ஸ்டோரில் எண்ணித்தான் கொடுப்பார்கள். சாயங்காலம் டப்பா காலியாக வேண்டும். ஒன்று இரண்டு கூடலாம், குறையலாம். இருபத்துநான்கு என்றால் சரியாக ஒரு ட்ராலி. மறுபடி எண்ணினேன். இருபத்துநான்குதான். நான் டோக்கன் எடுத்துப் போன ஏதோ ஒரு ஐந்து நிமிடத்தில் அவள் பட்டை வைக்க மறந்து, கை பழகிய வேகத்தில் அட்டையை ஒட்டி அனுப்பியிருக்கிறாள். அதற்குள் அந்த ஷூக்களுக்குச் சோல் ஏறி, பாலிஷ் ஆகி, மற்ற ஜோடிகளோடு கலந்து பெட்டிக்குள் போயிருக்கும். மறுநாள் மதியம் ஏற்றுமதிக்குக் கன்டெய்னர் வருகிறது. பஸ்காரன் ஹாரன் அடித்தான். இருபத்துநான்கு பட்டையையும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். வழி நெடுக அவை என் மடியில் கிணுகிணுத்துக்கொண்டு வந்தன.

என் வீட்டுக்காரர் கம்பி கட்டுகிறவர். கட்டடத்துக்குள்ளே போகிற கம்பி. அவர் வேலையும் கான்கிரீட் கொட்டியதும் மறைந்துவிடும்.

"இன்னாமே, சோறு ஆறுது. யாரையாவது திட்டணும்னா திட்டிட்டுத் துன்னு."

சொன்னேன். பட்டைகளை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

சத்துவாச்சாரியில் என் நாத்தனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்த மனிதர் நேர்த் தெருவை விட்டுவிட்டு இரண்டு தெரு சுற்றித்தான் கூட்டிப்போவார். என் கால் இருக்கிற லட்சணத்தில் அதற்காக எத்தனையோ தரம் சண்டை போட்டிருக்கிறேன். ஏன் என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

"அந்தத் தெருவுல ஒரு வீட்டுக்கு பால்கனி கம்பி கட்டுனேன். வெளிய நீட்டிக்கினு இருக்கிற பால்கனிக்கு கம்பி மேல இருக்கணும். மேல இருந்தாத்தான் இழுத்துப் புடிக்கும். கான்கிரீட் போட்ட அன்னிக்கு ஆளுங்க மெதிச்சி மெதிச்சி கம்பி கீழ எறங்கிடுச்சி. நான் பாத்தேன். இஞ்சினீரு போன்ல பேசிக்கினு இருந்தாரு. மழை வேற வர்ற மாதிரி இருந்திச்சி. சரி, போவட்டும்னு வுட்டுட்டேன்."

"வுழுந்துடுச்சா?"

"இல்ல. பன்னெண்டு வருசமா நிக்குது. துணி காயப் போடறாங்க, கொழந்தைங்க நிக்குது. நான்தான் அதுக்குக் கீழ நடக்கறதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒரு முதலாளியின் ஷூவுக்காக நான் இதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று வந்தது. "நான் போய்ச் சொன்னா, நாளைக்கி எனக்கு யாரு நிப்பா? அவ நிக்கலன்னா நான் அந்த லைன்ல நிக்க முடியுமா?" என்றேன். அவர் பட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அது வேற, இது வேறமே" என்றார். வேறு வேறு இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் அவளுக்கு இடம் போட்டு வைத்தேன். வந்து உட்கார்ந்ததும் காதோடு சொன்னேன். முதலில் நம்பவில்லை. பட்டைகளைக் காட்டியதும் முகம் வெளுத்துப்போனது.

"சத்தியமா ஞாபகமே இல்லக்கா."

"தெரியும்டி. வேணும்னா செய்வ?"

"வுடுக்கா. எவனோ வெள்ளக்காரன் போடப் போறான். அவன் வந்து உன்னக் கேக்கப் போறானா?"

பட்டைகளைத் திரும்பப் பைக்குள் போட்டேன். பஸ் வாணியம்பாடி தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ. மூணாவது வந்தா இன்னான்னு உனக்குத் தெரியும். உனக்காக நின்னதுக்கு இதுதானாக்கா?"

அவள் கேட்டது நியாயம்தான். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கும் அவஸ்தையிலிருந்து ஒருத்தி என்னை இரண்டு வருடமாகக் காப்பாற்றியிருக்கிறாள். பட்டைகளைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பாலாற்றில் போட்டிருந்தால் முடிந்தது. ஆற்றில் தண்ணீர்கூட இல்லை, மணலில் விழுந்து துருப்பிடித்திருக்கும். போட மனம் வரவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருத்தர் என்னை மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவது கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஷிப்ட் ஆரம்பித்ததும் சூப்பர்வைசரிடம் போனேன். சின்ன வயசு ஆள், அம்மா என்றுதான் கூப்பிடுவார். மேசையில் பட்டைகளை வைத்தேன். "சார், நேத்து ஒரு ட்ராலி ஷாங்க் இல்லாம போயிருக்குது."

"காலங்காத்தால பேஜார் பண்ணாதீங்கம்மா" என்றவர், பட்டைகளை எண்ணி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க வைக்காம எப்படிப் போச்சி?"

"நான் டோக்கன்ல போயிருந்தேன்."

அவள் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாதா?

எழுநூற்றுச் சொச்சம் பெட்டிகளைப் பிரித்தோம். ஒட்டிய டேப்பைக் கிழித்து, உள்ளே திணித்த காகிதத்தை உருவி, ஒவ்வொரு ஷூவாகப் பார்க்க வேண்டும். மெக்கானிக் பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். ஷூவுக்குள் கையை விட்டு நடுவில் வைத்தால் பட்டை இருக்கிறதில் காந்தம் டக்கென்று பிடிக்கும், இல்லாததில் வழுக்கிக்கொண்டு போகும். பெண்கள் எல்லோரும் அன்றைக்குப் பஸ்ஸை விட்டுவிட்டு இருந்தார்கள். ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே, "நல்லவங்களா இருந்தா நமக்குத்தான் ரோதன" என்றாள். விழுந்தது. பன்னிரண்டாவது ஜோடி கிடைத்தபோது யாரும் சந்தோஷப்படவில்லை. பெட்டிகளைத் திரும்ப மூட வேண்டியிருந்தது.

அவளுக்கு மூன்றாவது மெமோவும், ஏழு நாள் சஸ்பென்ஷனும் கிடைத்தன. எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் போனதுதான் வலித்தது. அந்த வாரமே சுவர் அட்டைக்குக் கீழே புதிதாக ஒரு தாள் ஒட்டினார்கள். டோக்கன் எடுத்தவர் திரும்பி வரும்வரை அவர் வேலையை வேறு யாரும் தொடக் கூடாது. ட்ராலி நிற்கும். நின்ற ட்ராலியை அவரே திரும்பி வந்து ஓட்டித் தீர்க்க வேண்டும்.

அவள் எட்டாவது நாள் அதே இடத்துக்குத் திரும்பி வந்தாள். அவளைப் போல நுரை அட்டையை மேடு பள்ளம் இல்லாமல் ஒட்ட வேறு ஆள் இல்லை. என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். நான் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மதியச் சாப்பாடுவரை நாக்கு ஒட்டிக்கொள்ளும். டோக்கன் எடுத்தால் திரும்பி வரும்போது இரண்டு ட்ராலி எனக்காக நிற்கும். இந்தக் காலை வைத்துக்கொண்டு பாத்ரூமுக்கும் மேசைக்கும் ஓடுவேன். லைனில் எல்லோருக்கும் இதே கதைதான். முன்பெல்லாம் ஒருத்தி தும்மினால் பக்கத்துக்காரி கை நீட்டி அவள் ஷூவைப் பிடித்துக்கொள்வாள். இப்போது அவரவர் கட்டத்தில் அவரவர். அட்டையில் இருப்பதுபோலவே நிற்கிறோம். லைன் அங்கங்கே தொய்கிறது, டார்கெட் எட்டுவதில்லை. ஆபீஸிலிருந்து வந்து ஏன் என்று கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. எனக்கும் வாயைத் திறக்கிற ஆசை போய்விட்டது.

நான்கு மாதம் இப்படியே போனது. போன வருடம் வெயில் காலத்தில் ஒரு நாள் தலை சுற்றியது. டோக்கனை எடுத்துக்கொண்டு போய் முகம் கழுவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் பத்தாகியிருக்கும். திரும்பி ஓடிவந்தால், என் மேசைக்கு முன் ட்ராலி இல்லை. அவளைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது. பன்னிரண்டு ஜோடியும் அட்டை ஒட்டி முடித்துத் தயாராக இருந்தன. சூப்பர்வைசர் வேறு லைனில் இருந்தார். அவள் குனிந்து அடுத்த அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் ட்ராலிக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மேலே இருந்த ஷூவை எடுத்து, நடுவில் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். கெட்டியாக இருந்தது. அடுத்ததை எடுத்து அமுக்கினேன். அதுவும் கெட்டி.

"பாத்துக்கோக்கா" என்றாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "எத்தினி பாக்கணுமோ, பாத்துக்கோ."

அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஷூவைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். ட்ராலியில் இன்னும் இருபத்திரண்டு இருந்தன. மூன்றாவதையும் எடுத்து அமுக்கிப் பார்த்தேன்.