ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

என் வீட்டுக்காரருக்குச் சொரியாசிஸ். முழங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஆரம்பித்தது, இரண்டே வருஷத்தில் முதுகுக்கும் தலைக்கும் ஏறிவிட்டது. ஒட்டாது, ஒட்டாது என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அவருடைய கம்பெனி கேன்டீனில் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்குமாம். கடைசியில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போய்த் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். அதைக் கேட்ட அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இந்த மனுஷனை மறுபடி நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில், "ஏட்டி, மொதல்ல கருவாட்ட நிப்பாட்டு. அதுதான் எல்லாத்தையும் கெளப்புது" என்றாள். நாங்கள் குடியிருக்கும் மத்திகிரியில் ஹவுஸ் ஓனர் அம்மா கன்னடக்காரர். "பதனேகாயி நஞ்சும்மா, பேடா பேடா" என்று தடுத்து, என் கூடையிலிருந்த கத்திரிக்காயைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார். கல்லாவியில் இருக்கும் மாமியார் முட்டை மேல் பழி போட்டார். என் கம்பெனி லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற பெண் பால்தான் என்று சத்தியமே செய்தாள்.

நான் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்த்து, தேறாததைக் கழிக்கிறவள். ரிஜெக்‌ஷன் கூடினால் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம், மற்றதைத் தொட மாட்டோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று எவனுக்கும் தெரியாமல் போய்விடும். அதே வேலையை வீட்டில் செய்தால் என்ன? ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டினேன். மூன்று வாரம் கருவாடு கிடையாது. அடுத்த மூன்று வாரம் அதோடு கத்திரிக்காயும் கிடையாது. பிறகு முட்டையும், பிறகு பாலும். தினமும் காலையில் அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகைப் பார்த்து, கூடியிருந்தால் சிவப்பு, குறைந்திருந்தால் பச்சை என்று ஒரு புள்ளி வைப்பேன்.

அதோடு விட்டேனா? டாக்டர் கொடுத்த களிம்பையும் தடவிக்கொண்டிருந்தால், குறைந்தது சாப்பாட்டாலா களிம்பாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? களிம்பை நிறுத்தினேன். டாக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ட்ரையல் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது.

"களிம்பு போட்டா கொஞ்சம் அடங்குதும்மா" என்று ஒரு நாள் மெதுவாக இழுத்தார்.

"அடங்கறது முக்கியமா, காரணம் தெரியறது முக்கியமா?"

"சரி தாயே. களி, மோரு கூட இல்லாத கீரை, உன் சார்ட்டு. எங்க ஊரு மாடு என்னவிட நல்லாத் தின்னுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். சார்ட்டில் சிவப்புப் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. அப்படியென்றால் காரணம் இன்னும் பட்டியலில் அடுத்து இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கோதுமையை நிறுத்தினேன், கடலையை நிறுத்தினேன். ஆள் பாதியாகிவிட்டார். அந்த நாட்களில் டம்ளரைக் கீழே போடுவார். காலையில் சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் எடுப்பார். டவுன் பஸ் போய்விடும் என்று நான் கத்துவேன். ஒரு நாள் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார்.

"ஸ்பேனர் புடிக்கிற கையா இது? நல்லா இருக்குது போங்க!" என்று கேலி செய்தேன். மூடியைத் திறந்து கொடுத்ததும் இடது கையால் வாங்கிக்கொண்டார்.

முதுகு வெடித்துச் சட்டையில் ரத்தம் ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் நான் இறங்கி வந்தேன். தோல் டாக்டரிடம் போனோம். சார்ட்டையும் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன், பாராட்டுவார் என்று! டாக்டரம்மா அதைப் பொறுமையாகப் பார்த்தார், களிம்பை நிறுத்தியதையும் கேட்டுக்கொண்டார்.

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். எடை ஏறக் கூடாது, குடி கூடாது. ஏதாவது ஒண்ணு சாப்பிட்டா அரிப்பு கூடுதுன்னு தெரிஞ்சா அத விட்டுடலாம். ஆனா மருந்த நிறுத்திட்டா இதெல்லாம் செய்வாங்க?"

பிறகு டாக்டர் இவருடைய விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கையையும் இறுக்கி மூடுங்க" என்றார்.

இடது கை மூடியது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றன. அவை தடித்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். ஆறு மாதம் தினமும் காலையில் அந்த முதுகைப் பார்த்தவள் நான்.

"இந்த வியாதி சில பேருக்கு மூட்டுக்கும் வரும். சீக்கிரமே காட்டியிருந்தா விரல இன்னும் நல்லாக் காப்பாத்தியிருக்கலாம். எத்தன நாளா வலிக்குது?"

"அஞ்சு மாசம் இருக்குங்க."

டாக்டர் முன்னாலேயே கத்திவிட்டேன். "அஞ்சு மாசமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"வலின்னு சொன்னா மாத்திர போடணும்னுவ. மாத்திர போட்டா உன் ட்ரையல் கெட்டுப்பூடும். இவ்ளோ கஷ்டப்பட்டு எழுதினு இருக்கியே, முடியட்டும்னு இருந்துட்டன்."

அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது ஊசியும் மாத்திரையும் ஒழுங்காக நடக்கின்றன, முதுகு நன்றாகத் தேறிவிட்டது. கேன்டீனில் நாலு பேரோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாராம். சோற்றைப் பிசைய விரல் வராததால் ஸ்பூன் கொடுத்து அனுப்புகிறேன்.