எண்பத்திரண்டு என்று சொல்லாதவன்

என் மனைவியிடம் பொய்க் கணக்குச் சொன்னேன். வாய் தவறி அல்ல. தெரிந்தே சொன்னேன்!

இரண்டு ஆண்டுகளாக இதை எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் அவளைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான்.

பழவேற்காடு பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிப்பவர்கள் மதிப்பெண் பட்டியலோடு என்னிடம் வருவார்கள். தாளுக்குத் தாள் கிரெடிட் வேறு. பெருக்கி, கூட்டி, வகுத்து, கடைசித் தேர்வில் எவ்வளவு எடுத்தால் உயர்ந்த கிரேடான ‘ஓ’ கிடைக்கும் என்று கணினியில் போட்டுச் சொல்வேன். என் கணக்கு பிசகாது என்று ஊரில் பெயர்.

கன்னியம்மா ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, அடிச்சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். பெருமையாகவே இருந்தது... அப்போது.

கடைசி ஆண்டில் ஒருநாள் கடைக்கு வந்தாள்.

“மாமா, ‘ஓ’ வாங்குனா மெட்ராஸ்ல எம்.ஏ. சீட்டு கெடைக்கும்னு கிளாஸ் எடுக்கற சார் சொல்றாரு. ஹாஸ்டல்கூட உண்டாம். எத்தினி மார்க்கு எடுக்கணும்னு போட்டுச் சொல்லேன்.”

போட்டேன். ஐந்து தாளிலும் எண்பத்திரண்டு. அவளுக்கு எட்டக்கூடிய எண்தான்.

ஆனால் என் காதில் விழுந்தது ஹாஸ்டல் மட்டுமே. நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். இவள் போய்விடுவாள்... திரும்பி வந்தாலும் என்னை வேறு கண்ணால் பார்ப்பாள்...

“தொண்ணூத்தி நாலு,” என்றேன். “அஞ்சு பேப்பர்லயும்.”

மலைத்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தேனா, ஆசைப்பட்டேனா?

நூறிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, “அப்ப பேப்பருக்கு ஆறு மார்க்கு விடலாம்,” என்றாள்.

ஆறு விடலாமாம்!

தேர்வுக்கு முந்தைய வாரம் ஆரம்பாக்கத்தில் அவள் தங்கை தேவிக்கு வளைகாப்பு. தாயில்லாத பெண், கன்னியம்மாதான் தலைவாரி வளர்த்தவள். “ஒரு நாளுதானே, போய்ட்டு வாயேன்,” என்றேன்.

“ஒரு நாளு விட்டா அந்த ஆறும் பூடும் மாமா. தேவி புரிஞ்சிக்குவா.”

தேவி புரிந்துகொள்ளவில்லை. “படிப்புதான் பெருசுன்னா இனிமே எனக்கு அக்கா இல்ல,” என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். கன்னியம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட பக்கத்திலிருந்து படித்தாள்.

இதற்குமேல் பொறுக்கவில்லை எனக்கு. மறுநாள் காலை உண்மையைச் சொல்லிவிடுவதென்று ஏரிக்கரைக்குப் போனேன். பெண்கள் வரிசையாகத் தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வரிசையை விட்டுக் கரையேறிய பிறகுதான் அவள் வந்தாள். பறியைப் பல்லிலிருந்து எடுத்தாள். என்னைப் பார்த்தாள், ஆனால் என்னிடம் பேசவில்லை. பாதி வாக்கியத்திலிருந்து தொடங்கினாள்! சோழர் கால ஏரிகளைப் பற்றிய விடை. தண்ணீருக்குள் குனிந்தபடியே மனத்துக்குள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“இரு மாமா, இத முடிச்சுக்கறேன்.”

முழங்கால் வரை சேறு. உதட்டோரம் பறி அழுத்திய தடம். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் தடுமாறாமல், முன்னுரை முதல் முடிவுரை வரை சொன்னாள். நான் அவளை அதுவரை பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது. நான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்துவிட்டு!

“இன்னா மாமா, எதுக்கு வந்த?”

“சும்மாதான்,” என்றேன்.

தேர்வு முடிவு என் கடைக் கணினியில்தான் வந்தது. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு. ஒரு தாள்கூட நான் சொன்ன பொய்க்குக் கீழே இறங்கவில்லை. அவளைத் தடுக்க நான் எழுப்பிய சுவர் அது... அதன்மேல் ஏறி நின்றுவிட்டாள்!

“நீ சரியா சொன்னதாலதான் மாமா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவுமில்லை.

சீட்டு கிடைத்தது. ஹாஸ்டலை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. விடியுமுன் பேருந்தில் பொன்னேரி, அங்கிருந்து ரயில், மாலையில் வீடு. “நீ தனியா இன்னா செய்வ?” என்றாள். யார் போய்விடுவாள் என்று பயந்து பொய் சொன்னேனோ, அவள்!

தேவியின் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதாம். யாரோ சொல்லித்தான் தெரியும். எண்பத்திரண்டு என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைத்திருக்கும். இப்போது சொன்னால் தங்கை திரும்புவாளா? அல்லது மனைவியும் போவாளா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே நாளைத் தள்ளுகிறேன்... கோழை!

சென்ற வாரம், விடுமுறை நாட்களில் தன்னோடு இறால் பிடிக்கும் புவனாவைக் கடைக்கு அழைத்து வந்தாள். அவளுக்கும் கடைசி ஆண்டு. “மாமாகிட்ட கேளு, கரெக்டா சொல்லும்.”

போட்டேன். இந்த முறை கணினி காட்டியதையே சொன்னேன். “எழுபத்தொம்போது.”

“அவ்ளோதானா?” கன்னியம்மா புவனாவின் தோளைத் தட்டினாள். “குடுத்து வெச்சவடி நீ!”

இருவரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்... அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.