கதிர்வீச்சு அறை வாசலில் விழுந்த குத்து

அன்று அங்கே இருந்தது அம்மா, நான், என் தம்பி சூசை, மிஷினை இயக்கும் ஓர் இளைஞர்.

நாங்கள் குருசுக்குப்பத்தில் கடல் தொழில் செய்பவர்கள். அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். பல்கலைக்கழக மருத்துவமனையில் புது மிஷின் வந்திருக்கிறது. நோய் உள்ள இடத்தில் மட்டும் கதிர் படுமாம். தலை அசையாமலிருக்க, அம்மா முகத்தில் வலை மாதிரி முகமூடி போட்டு மேஜையோடு பூட்டினார்கள். பெரிய கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வெளியே டிவியில் பார்த்தோம்.

அம்மாவின் விரல்கள் துடித்தன.

"அண்ணே, அம்மா மூச்சு முட்டிச் சாவுது! டேய், கதவத் தொறடா!" என்று கத்தினான் சூசை.

"ரெண்டு நிமிஷங்க, ஒண்ணும் ஆவாது" என்றார் இளைஞர். சூசை அவர் மூக்கில் குத்தினான். சட்டையெல்லாம் ரத்தம். கதவை இழுத்துத் திறந்தான். திறந்ததும் மிஷின் தானாக நின்றது. இல்லையென்றால் அவன் மேலேயும் கதிர் பட்டிருக்கும். நான் அவனைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவன் பல் உடைந்தது.

அம்மாவை எழுப்பினார்கள்.

"பாவி, ஜெபமாலைய வாங்கி வச்சிட்டாங்கன்னு விரல்ல ஜெபத்த எண்ணிக்கினு இருந்தேன். எத்தினியாவதுன்னே மறந்துபோச்சு!"

வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு அந்த இளைஞரே மறுபடி முகமூடியைப் பூட்டினார்.

இப்போது சூசையை மருத்துவமனை கேட்டுக்கு வெளியே உட்கார வைக்கிறேன். புதிதாக வரும் நோயாளிகளின் வீட்டாரிடம், முகமூடியில் மூச்சுவிட ஓட்டை இருக்கிறது என்று முன்னமே சொல்கிறேன்.

அம்மாவுக்கு இன்னும் பத்தொன்பது நாள் கதிர் வைக்க வேண்டும்.