தொட்டில் கொக்கியில் தொங்கிய நாற்காலி

நான் பயந்தாங்கொள்ளி. ஊரில் இருந்தவரை இது எனக்கே தெரியாது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, தலைக்கு மேல் கிரேன் ஓடும் ஷெட்டில் சேர்ந்து, சில வருடங்கள் எதற்கும் அசராமல் வேலை பார்த்த பிறகு, ஒரு மதிய ஷிப்டில்தான் தெரிந்தது.

என் வேலை கட்டுவது. பிரஸ் மிஷினில் தகடு அடிக்கிற இரும்பு அச்சை 'டை' என்போம். ஒவ்வொன்றும் யானைக்கன்று கனம். அதைப் பெல்ட்டால் கட்டி, கிரேன் கொக்கியில் மாட்டி, மேலே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கையைக் காட்டினால் அவர் தூக்குவார். அன்றைக்குத் தூக்கிய டை பாதி உயரத்தில் பெல்ட் அறுந்து விழுந்தது. நான் நின்ற இடத்திலேயே விழுந்தது. கையில் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதே என்று துணி எடுக்க அப்போதுதான் நகர்ந்திருந்தேன். தரை பிளந்து சிமெண்ட் தூள் என் முகத்தில் அடித்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

விசாரித்தார்கள். கட்டியதில் தப்பில்லை, பெல்ட் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கிறது, வெளியே பார்த்தால் தெரியாது என்று முடித்தார்கள். "ஒனக்கு ஆயுசு கெட்டிப்பா" என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். மறுநாள் மிஷினுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். அதோடு அவர்களுக்கு விஷயம் முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கியது.

வெளியே பார்த்தால் தெரியாது என்றார்களே, அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் நான் எதைப் பார்த்து நம்புவது? பெல்ட்டைத் தொட்டால் கை உதறியது. தூக்கு என்று கையைக் காட்ட வேண்டிய இடத்தில் நிறுத்து என்று காட்டினேன். ஆபரேட்டர் ஏணியில் இறங்கி வந்து என்னைத் திட்டிவிட்டு, முகத்தைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திக்கொண்டார். சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த வாரம் லீவு எடுத்துக்க. திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட் வந்துரு. அன்னைக்கும் இப்பிடித்தான் நடுங்குவேன்னா, எடத்துக்கு வேற ஆள் போட்ருவாங்க. எங்கையில ஒண்ணும் இல்ல."

நல்ல மனுஷன். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் கான்ட்ராக்டில் இருந்தவன். அந்த இடம் போனால் அந்த மாத வாடகை போச்சு, குழந்தையின் பள்ளிக்கூடம் போச்சு, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் எனக்கு என்ன இருக்கிறது?

அது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். பாகலூர் ரோட்டுக்கு உள்ளே, ரோஜாத் தோட்டத்தை ஒட்டின ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான், என் மனைவி, எல்.கே.ஜி. போகும் மகள். வீட்டில் சும்மா இருந்தால் பயம் குறையும் என்று நினைத்தது என் மடத்தனம். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார முடியவில்லை. குழந்தையின் பாயைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டேன். பரணில் இருந்த அண்டாவை இறக்கி வைத்தேன். மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஃபேனையே மொறைச்சுக்கிட்டு இருக்கறதுக்குப் பாப்பா கேட்டுச்சே, அந்தத் தொங்கற நாற்காலி, அதைக் கட்டிக் குடுங்களேன். துணியை நான் தைச்சுத் தாரேன்."

பொருட்காட்சியில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது. என் நிலைமை தெரிந்தும் தொங்குகிற சாமானைக் கட்டச் சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். குழந்தை அதற்குள் குதிக்க ஆரம்பித்துவிட்டது.

செய்வது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பழைய பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து, மனைவி தன் தையல் மிஷினில் நாலு பக்கமும் அடித்தாள். இரண்டு ஓரத்திலும் கயிறு நுழைகிற அளவுக்குக் குழாய் மாதிரி மடித்துத் தைத்து, அதன் மேல் இன்னும் இரண்டு வரிசை தையல் போட்டாள். மேலே குறுக்குக் கட்டைக்கு, சந்தையில் மண்வெட்டிக் காம்பு ஒன்று வாங்கினேன். கயிறு, போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்குகிற வெள்ளை நைலான் கயிறு. ஓரக் கயிறுகளின் முனைகளைக் காம்பின் இரு தலையிலும் கட்டி, காம்பின் நடுவிலிருந்து ஒரு கயிற்றை மேலே கொண்டுபோய்க் கொக்கியில் கட்டிவிட்டால் முடிந்தது. காம்பில் கயிறு உரசும் இடமெல்லாம் சாக்குத் துண்டு வைத்துச் சுற்றினேன். ஷெட்டில் டையின் கூர்மையான ஓரத்தில் பெல்ட் வெட்டுப்படாமல் இருக்க அப்படித்தான் செய்வோம்.

கொக்கி வீட்டிலேயே இருந்தது. தளம் போடும்போதே தொட்டில் கட்டுவதற்கென்று எல்லா வீட்டிலும் ஒன்று விட்டுவிடுவார்கள். தாங்குமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். ரோஜாவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சிரித்தார்.

"தாங்குமாவா? ஸ்லாப்பு கம்பில சுத்தி வுட்டிருக்கேன் சாமி. உங்க மாமனாரை வேணும்னா தொங்க வுட்டுப் பாரு."

கட்டி முடித்தேன். ஆனால் குழந்தையை உட்கார விடவில்லை. ஷெட்டில் ஒரு விதி உண்டு. தூக்கப்போகும் எடையை விடக் கால் பங்கு கூடுதலாக ஏற்றிப் பார்த்துத் தாங்கினால்தான் எதையும் நம்பலாம். என் மகள் கோழிக்குஞ்சு எடை. நானோ ஒரு அரிசி மூட்டையையும் தண்ணீர்க் கேனையும் ஏற்றினேன். தாங்கியது. மறுநாள் அதன் மேல் இன்னொரு கேனை வைத்தேன். அதற்கும் தாங்கியது. சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு, யாரும் அதைத் தாண்டக் கூடாது என்றேன். குழந்தை வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து, தன் நாற்காலியில் அரிசி மூட்டை சொகுசாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்து அழுதது.

"மூட்டைக்குக் கால் வலிக்கும் போல, பாவம்" என்றாள் மனைவி.

நான் சிரிக்கவில்லை. மூட்டை அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். கயிறு லேசாக முறுகி நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். மதியம் குழந்தையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மூட்டையையும் கேன்களையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவேன். தொங்குகிற சுமையை விட்டுவிட்டு ஆள் நகரக் கூடாது. அதுவும் ஷெட்டு விதிதான். மனைவி தனியாக இருக்கும் வீட்டில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் என்னால் தெருமுனையைத் தாண்ட முடியாது.

வெள்ளிக்கிழமையும் தாங்கியது. சனிக்கிழமை குழந்தைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். கூட்டி வந்தேன். இன்றைக்கு உட்காரலாமா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தது. சரி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இதில் ஒரு பிள்ளையை உட்காரவைக்க முடியாதவன், நாளன்றைக்குக் கிரேனுக்கடியில் நின்று என்ன கிழிக்கப்போகிறான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

குழந்தையைத் தூக்கி உட்காரவைக்கப் போன நேரத்தில் தரையைப் பார்த்தேன். சிவப்புத் தரையில், கொக்கிக்கு நேர் கீழே, வெள்ளையாகப் பொடி உதிர்ந்திருந்தது.

சாக்பீஸ் தூள் இல்லை, அது வட்டத்தின் ஓரத்தில் இருந்தது. சுண்ணாம்புதான், கொக்கி தளத்தைப் பெயர்த்துக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். குழந்தையைச் சுவர் ஓரம் நிறுத்திவிட்டு ஸ்டூலில் ஏறினேன். தளத்தில் ஒரு விரிசலும் இல்லை. பொடியை விரலில் தொட்டுப் பார்த்தபோது நூல் நூலாக இருந்தது. நைலான்.

கொக்கிக்குள் விரலை விட்டுத் தடவினேன். கம்பியை வெட்டி வளைத்த இடத்தில் பிசிறு அப்படியே இருந்தது, விரலைக் கீறியது. அதன் மேல் உட்கார்ந்த கயிறு பஞ்சாகியிருந்தது. மூன்று புரியில் ஒன்று அறுந்தே போயிருந்தது. பார்த்துப் பார்த்துக் கட்டியவன், சாக்கு சுற்றியவன், கொக்கியைத் தடவிப் பார்க்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஷெட்டில் கொக்கியைப் பார்ப்பது மெயின்டனன்ஸ் ஆட்கள் வேலை. கட்டுகிறவன் பெல்ட்டைப் பார்ப்பான், முடிச்சைப் பார்ப்பான், கொக்கி வழவழவென்று தயாராக வந்து நிற்கும். நான் குடியிருக்கும் வீட்டில் எனக்கு மெயின்டனன்ஸ் யார் வந்து பார்ப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

ஸ்டூலில் நின்றபடியே இன்னொன்று உறைத்தது. அரிசி மூட்டை ஆடாது. அசையாமல் தொங்குகிற கயிறு உரசாது. உரசாத கயிறு தேயாது. இது ஆடித் தேய்ந்த கயிறு.

"யார் இதுல உக்காந்தது?"

குழந்தை மிரண்டு போய் அம்மாவைப் பார்த்தது. அவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான்."

"எப்ப?"

"நீங்க பாப்பாவைக் கூட்டியாரப் போறப்பல்லாம். மொத நாள்லருந்து."

நான் கத்தினேன். அறிவிருக்கா உனக்கு, ஒரு புரி அறுந்து கிடக்குது, மிச்சமும் அறுந்திருந்தா இடுப்பு உடைஞ்சு கிடந்திருப்ப, பக்கத்து வீட்டு ஆளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது என்று என்னென்னவோ சொன்னேன். குழந்தை வீரிட்டு அழுதது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். வெங்காயக் கண்ணீரா என்னவோ, கண் சிவந்திருந்தது.

"நீங்க மூட்டையை வெச்சுப் பாத்தீங்க. பாப்பா மூட்டை மாதிரியா உக்காரும்? ஆடும்ல. அதான் காலை உந்தி உந்தி ஆடிப் பாத்தேன்."

"என்கிட்டச் சொல்லிட்டு ஆட வேண்டியதுதானே?"

"சொன்னா விட்ருப்பீங்களா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டேதாங்க உக்காந்தேன். சாமி பேரைச் சொல்லிக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஆடினேன். நீங்க கட்டினது பாப்பாவோட விழுந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நீங்க ஒரு கயித்தையும் தொட மாட்டீங்க. விழறதுன்னா நீங்க இல்லாதப்ப என்னோட விழட்டும். எந்திரிச்சு ஒங்களுக்குத் தெரியாம மறுபடி கட்டி வெச்சிருப்பேன்."

நான் ஸ்டூலில் இருந்து இறங்கவில்லை. இந்த ஒரு வாரமாகப் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்து, அதைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தேன். அவள் மதியம்தோறும் அதே பயத்தோடு என் முடிச்சில் தன் உடம்பைத் தொங்கவிட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் விழுந்திருந்தால் என்ற நினைப்பில் பல் கிட்டித்தது.

அன்று சாயங்காலமே லாரிப் பட்டறைக்குப் போய்த் தடித்த இரும்பு வளையம் ஒன்றும் கொஞ்சம் சங்கிலியும் வாங்கி வந்தேன். கொக்கியின் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்து, விரல் வழுக்குகிறவரை தேய்த்து, சங்கிலியை அதில் மாட்டி, அதன் கீழ் முனையில் வளையத்தைக் கோத்து, வளையத்தில் புதுக் கயிற்றைக் கட்டினேன். இரும்பும் இரும்பும் உரசட்டும், கயிறு உரசவே வேண்டாம். இந்தத் தடவை மூட்டை வைக்கவில்லை. அவள் வந்து உட்காரப் போனாள். நான் அவள் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு நானே உட்கார்ந்தேன்.

காலைத் தரையிலிருந்து எடுக்க வெகு நேரம் ஆனது. எடுத்தேன். உந்தினேன். சங்கிலி கிறீச்சிட்டது, இருந்தும் ஆடினேன். குழந்தை வட்டத்தைத் தாண்டி ஓடி வந்து மடியில் ஏறிவிட்டது. இறக்கி விடு என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட். விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். வாசலில் சாப்பாட்டுப் பையை நீட்டினாள். வாங்கினேன். பை வரவில்லை. அவள் பிடியை விடவில்லை, தான் விடவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மெதுவாக இழுத்துப் பார்த்தேன், இன்னும் இறுக்கிக்கொண்டாள். முகத்தை மட்டும் சிரித்த மாதிரி வைத்திருந்தாள்.

பயப்படாதே என்று சொல்லத்தான் வாய் வந்தது. யார் யாருக்குச் சொல்வது?

"நீ பயந்துக்கிட்டே இரு. நானும் பயந்துக்கிட்டே பாத்து வேலை பாக்கறேன். கொக்கியையும் தடவிப் பாத்துட்டுத்தான் கையைக் காட்டுவேன்."

அப்புறம்தான் பையை விட்டாள்.