சும்மா ரெடி

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே எனக்கு ஒரு ஜூஸ் கடை. சாத்துக்குடி, எலுமிச்சை, நன்னாரி சர்பத். மனு கொடுக்க வருகிறவர்களும் மனுவை வாங்கி வைக்கிறவர்களும் பல வருஷமாக என் கடையில்தான் தொண்டையை நனைப்பார்கள். நாலு கடை தள்ளி என் சகலை, கொழுந்தியாள் புருஷன், ஸ்மூத்தி கடை திறக்கிறார் என்று தெரிந்த அன்று எனக்கு நெஞ்சு எரிந்தது. டாக்டர் கேஸ் என்றார். அது கேஸ் இல்லை, சகலை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கொடுமை என்னவென்றால், சகலை முதலில் என்னிடம்தான் வந்தார். சிவகாசியில் பட்டாசு ஏஜென்சி நடத்தியவர். பெங்களூர் கம்பெனி ஒன்று ஃபிரான்சைஸ் தருகிறது, கூட்டுச் சேருவோம் என்றார். எண்ணெய்ப் பரோட்டா தின்கிற ஊரில், கீரையையும் ஓட்ஸையும் சீனி இல்லாமல் அரைத்துக் கொடுத்தால் எவன் குடிப்பான் என்று சிரித்தே அனுப்பிவிட்டேன். கண்ணாடிக் கதவும் ஏசியுமாக அந்தக் கடை எழும்ப எழும்ப, என் மனைவி அந்தச் சிரிப்பை எனக்குத் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினாள். என் வாடிக்கையாளர்களும் அங்கே போய்விட்டால் வீட்டுக்குப் போக முகம் இருக்காது.

திறப்பு விழா ஒரு திங்கட்கிழமை. கம்பெனி ஆபீசர் வெடி போடக் கூடாது என்றுவிட்டார். ஆரோக்கியக் கடை வாசலில் புகை ஆகாதாம். எங்கள் பக்கம் சரவெடிச் சத்தம் கேட்காவிட்டால் கடை திறந்ததாகவே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே இன்னும் வேலை நடக்கிறது என்று தாண்டிப் போவார்கள். போனார்கள். காலமெல்லாம் பட்டாசு விற்றவர், ஒரு ஓலைவெடி கூட இல்லாமல் கடை திறந்து, மத்தியானம் வரை தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று மணி நேரம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதோடு நின்றிருக்கலாம். காலிக் கடையைக் கிட்டத்தில் பார்க்க ஆசை. சகலை உள்ளே சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து நுழைந்து, ஒரு பச்சை ஸ்மூத்தி கேட்டேன்.

“பேரு சொல்லுங்கண்ணே, கப்புல எழுதணும்” என்றது கவுண்டரில் நின்ற பெண்.

பேரைச் சொன்னால் உளவு பார்க்க வந்தது சகலைக்குத் தெரிந்துவிடும். சும்மா பார்க்க வந்தேன் என்று சமாளிக்கப் போய், “சும்மா” என்றதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் அதையே எழுதினாள். சகலை சாப்பிட்டு வந்துவிடுவாரோ என்று பயம். வாசலுக்கு வந்து ஒரு பைக் பின்னால் ஒதுங்கினேன்.

கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம் முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து, கம்பெனி பழக்கியபடி கணீரென்று கூப்பிட்டாள்.

“சும்மா ஸ்மூத்தி ரெடி. சும்மா யாருக்கு?”

ஏழாயிரம்பண்ணை வேனில் ஏறப்போன ஒருவர் காலைக் கீழே இறக்கினார். “ஏலே, சும்மா குடுக்காகளாம்லே.”

வேன் காலியானது. கை கழுவாமலே ஓடிவந்த சகலை, கூட்டத்தைப் பார்த்து மலைத்துப் போய், ஆளுக்கு ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுத்தார். குடித்தவர்களில் பாதிப்பேர் பெரிய கப் கேட்டார்கள். தினமும் என்னிடம் நன்னாரி குடிக்கிற கிளார்க், பச்சை மீசையோடு என்னைப் பார்த்து அசடு வழிந்தார். “நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி.”

சகலை என் கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பைக் பக்கம் வந்தார். எழுத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார்.

“பத்தாயிரம் வாலா போட்டிருந்தாக்கூட இம்புட்டுக் கூட்டம் வராது சகல. நீங்கதான் நமக்குச் சரவெடி.”

இப்போது திங்கட்கிழமைதோறும் அங்கே ருசிக் கப் உண்டு. அதற்குப் பேரே ‘சும்மா’. அன்றைக்கு என் கடையில் ஆளில்லாததால், நானும் போய் வரிசையில் நிற்கிறேன். கேட்டால் இந்தத் தடவை சரியான பேரைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். அந்தப் பெண் கேட்பதே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுதத் தொடங்கிவிடுகிறாள்.