கடைசி ஒயரில் மாட்டிய மணி

என் வூட்டுக்காரருக்குக் கழனியும் தெரியும், கரண்டும் தெரியும்னு ஊர்ல பேரு. கரண்டு தெரிஞ்ச லட்சணத்தைப் பார்த்தவ நான்தான். எண்பதுகள்ல, பாகூர் பக்கத்துல கரும்பு போட்டுக்கிட்டிருந்த குடும்பம் எங்களுது. கழனியில இருந்து வந்து, ஈயம் உருக்கி ஒயர் ஒட்டற சால்ட்ரிங் கம்பியைக் கையில எடுத்துட்டார்னா, சோத்துக்குக் கூப்பிட்டாலும் காதுல விழாது.

அவர் பண்ணினது மூணு போர்டு. ஒண்ணு கிணத்துக்கு. தண்ணி கீழ இறங்கிட்டா தானா மோட்டாரை நிறுத்தும். இன்னொண்ணு கரும்புக் கொல்லையோட கோடிக்கு. அங்க ஈரம் எட்டினா மோட்டார் கொட்டாயில சின்ன விளக்கு எரியும். மூணாவது என் மாமனாருக்கு. வாதம் வந்து அவருக்குப் பேச்சு போயிடுச்சு, வலது கை விரல் மட்டுந்தான் அசையும். மாமா கட்டில் சட்டத்துல இவர் ரெண்டு தகடு அடிச்சிருந்தார். விரலை வெச்சா சமையக்கட்டுல மணி அடிக்கும். சளி தொண்டையை அடைச்சா மாமா மணி அடிப்பார். நான் ஓடிப்போய் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு வாயைத் துடைச்சு விடுவேன். அந்த மணிதான் அவருக்கு உசிரு. அதைப் பண்ணினதுக்காகவே என் வூட்டுக்காரரை எத்தினியோ விஷயத்துல நான் மன்னிச்சிருக்கேன்.

முதல்ல மூணும் தனித்தனியா பேட்டரி செல்லுல ஓடிச்சு. நல்லாத்தான் ஓடிச்சு. இந்த மனுஷனால சும்மா இருக்க முடியுமா? செல்லு மாத்தி மாளலைன்னு, கரண்டுல மாட்டற எலிமினேட்டர் ஒண்ணை வாங்கியாந்து மூணுக்கும் அதுலயே ஒயர் குடுத்தார். மூணுக்கும் தனித்தனியா இழுக்கல. கொட்டாயில இருக்கிற எலிமினேட்டர்லருந்து கிணத்து போர்டுக்கு, அதுலருந்து கொல்லை போர்டுக்கு, அதுலருந்து சன்னமா ஒரு ஒயர் வூட்டு மணிக்கு.

"இன்னாங்க, மாமாவோடது கடைசியிலயா? அதுக்கு மட்டுமாவது செல்லே இருக்கட்டுமே"ன்னேன்.

"போடி. மேக்கழனி ரொம்பி மடை வழியாத்தான கீக்கழனிக்குத் தண்ணி வருது? அதே கணக்குதான் இதுவும்"னார்.

கடைமடைக்காரன் தண்ணி வரலன்னு மண்வெட்டியோட சண்டைக்கு வர்றதை வருஷா வருஷம் பாக்கற ஆளு பேசற பேச்சா இது? ஆனா தகட்டுல விரலை வெச்சுக் காட்டினார், மணி கணீர்னு அடிச்சுது. நானும் நம்பிட்டேன். அந்நேரம் மோட்டார் ஓடலைங்கறது ரெண்டு பேருக்குமே தோணல.

எங்க பக்கம் மோட்டாருக்குக் கரண்டு நேரம் வெச்சுத்தான் வரும்; லைட்டுக்கும் எலிமினேட்டருக்கும் எந்நேரமும் இருக்கும். வந்ததும் ஊரே ஓடிப்போய் ஒண்ணா மோட்டாரைப் போடும். வூட்டு பல்பு மங்கி செவந்து போயிடும். அன்னிக்கு மத்தியானமும் அப்படித்தான் ஆச்சு. இவர் கொட்டாய்க்கு ஓடினார். நான் சமையக்கட்டுல கீரை ஆஞ்சிக்கிட்டிருந்தேன். எனக்கும் மாமாவுக்கும் நடுவுல ஒரு சுவருதான். மணி அடிக்கல. மாமா நல்லா தூங்கறார்னு நிம்மதியா இருந்தேன், பாவி.

கஞ்சியை எடுத்துக்கிட்டுப் போனா, வாய் ஓரம் சளி வழிஞ்சு கிடக்கு. கண்ணு திறந்திருக்கு. விரல் தகட்டு மேலயே இருக்கு. அழுத்தின அழுத்துல நகம் வெளுத்துப் போயிருந்துச்சு. ஐயோ, எவ்ளோ நேரம் என்னைக் கூப்பிட்டாரோ! ஊரே மோட்டாரைப் போட்டதுல மிஞ்சின கொஞ்ச கரண்டையும், எங்க மோட்டாரை ஓட்டிக்கிட்டிருந்த கிணத்து போர்டு இழுத்துக்கிச்சு. கோடியில இருந்த மணிக்கு ஒண்ணும் வந்து சேரல.

சாயந்தரம் நடுவூட்டுல மாமாவைக் கிடத்தியிருந்தாங்க. ஊர்ல மோட்டாரெல்லாம் நின்னு போச்சு. என் வூட்டுக்காரர் காலி கட்டிலாண்ட போய் உக்காந்தார். என்ன நெனைச்சாரோ தெரியல, தகட்டுல விரலை வெச்சார்.

மணி கணீர்னு அடிச்சுது.

பொம்பளைங்க நடுவுல அழுதுக்கிட்டிருந்த நான், "தோ வந்துட்டேன் மாமா"ன்னு எழுந்து ஓடினேன். கட்டிலாண்ட போய் வாய் துடைக்கிற துணியைக் கையில எடுத்தப்புறந்தான் நின்னேன்.