காய்ச்சல் இல்லாத யூஜென் அண்ணி

ஹான்கோ நகரில் எங்கள் சந்து முனையில் இருபது வருஷமாக எள்விழுது நூடுல்ஸ் கிளறி விற்பவர் யூஜென் அண்ணி, என் அண்ணன் மனைவி. கிண்ணத்தில் யாராவது மிச்சம் வைத்தால் விடமாட்டார். "என்னய்யா நோவு ஒனக்கு? முழுசாத் தின்னுட்டு எந்திரி" என்று அதட்டுவார். பசிக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது என்பது அவர் கட்சி.

ஊரெல்லாம் நுரையீரல் நோய்ப் பேச்சாக இருந்த அந்த ஜனவரியில் அவருக்கே சோறு இறங்கவில்லை. நாலு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. இருமல் துளியும் இல்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே நெற்றியில் கருவியைக் காட்டினார்கள். சூடு இல்லை.

"காய்ச்சக்காரங்களுக்கே எடமில்ல. வயித்துக் கோளாறுக்கு இங்க நிக்காதீங்கம்மா, வீட்டுக்குப் போங்க."

அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா தம்பி, அது இல்ல. பழைய மீனு பண்ண வேல." எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

நோய்க்குப் பயந்து ஊரை அடைத்த மறுநாள், எங்கள் கணக்கில் வருஷக் கடைசி விருந்து. அண்ணி, என் அண்ணன் தேமாவ், நான், மூன்றே பேர். தாமரைக்கிழங்கும் எலும்பும் போட்ட சூப். அண்ணி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனாலும் வழக்கம் விடுமா? வாயில் வைத்த குச்சியாலேயே நல்ல துண்டாகப் பொறுக்கி அண்ணனுக்கு நீட்டினார். அண்ணன் கிண்ணத்தைக் கையால் மூடினார்.

"போதும். மொதல்ல நீ சாப்பிடு."

"அண்ணி வைக்கிறதத் தள்ளுறியேண்ணே, வருஷம் பூரா சோறு கெடைக்குமா ஒனக்கு?" என்று சீண்டியது நான்தான். பாவி. அண்ணன் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். மூன்று துண்டு சாப்பிட்டார்.

எட்டாம் நாள் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. அதன் பிறகுதான் அண்ணிக்கும் சோதனை செய்தார்கள். அதே நோய். அது சிலருக்கு வயிற்றிலும் தொடங்கும் என்று அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு விட்டது. அண்ணி பிழைத்தார். அண்ணன் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை.

அண்ணி கடையை மறுபடி திறந்தார். இப்போது யார் மிச்சம் வைத்தாலும் ஒன்றும் கேட்பதில்லை.

அடுத்த வருஷ விருந்தில் அண்ணனுக்கும் ஒரு கிண்ணம் வைத்தோம். செத்தவருக்கும் பங்கு வைப்பது எங்கள் வழக்கம். நான் ஒரு கிழங்குத் துண்டை எடுத்து நீட்டினேன். அண்ணி அந்தக் கிண்ணத்தைக் கையால் மூடினார்.

"வேணாம் தம்பி. அவரு அன்னிக்கே போதும்னாரு."